அடுத்தவர் தோலை மட்டும் பார்த்த முத்து அண்ணாச்சி

முத்து அண்ணாச்சி போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் எங்கள் டாட்டூ கடையில் ஒரு மினி பஸ் டிரைவரின் வலது கையில் வேல் குத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளிலும் கையுறை. மேசைமேல் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர்தான் இடது கையால் அதை எடுத்து என் காதில் வைத்தார். அண்ணாச்சியின் மனைவி சந்தனமாரி மதினி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "கோமதி, உங்க அண்ணாச்சி போயிட்டாவட்டி" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. "சொன்னா கேட்டாத்தானே இந்த மனுசன்!" என்று கத்திவிட்டேன். டிரைவர் பயந்துபோய், மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமே என்றார். பாதி வேலோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? உட்காரச் சொல்லி, முடித்து, துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அனுப்பிவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். அவ்வளவு நேரமும் அண்ணாச்சியை ஏசிக்கொண்டே இருந்தேன்.

இதை அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சங்கரன்கோவிலிலும் சுற்றியிருக்கிற ஊர்களிலும் அவருடைய ஊசி பட்ட உடம்புகள் நிறைய உண்டு. ஊசி படாமல் அவரிடம் வசவு மட்டும் வாங்கித் திரும்பிப் போனவர்கள் அதைவிட நிறைய. அன்பானவர், பண்பானவர் என்றெல்லாம் போஸ்டரில் போட்டாயிற்று. எனக்கு அப்படி எழுத மனசு வரவில்லை. காலில் வந்த ஒரு கொப்புளத்தால் செத்துப்போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஊரில் உள்ளவன் தோலையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு பார்த்த மனிதர், தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. இந்த ஆத்திரத்தை நான் எங்கே போய்க் கொட்டுவது?

மும்பை தாராவியில் ஒரு டாட்டூ கடையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு மெஷினையும் ஒரு பெட்டி மையையும் கொண்டு ஊருக்கு வந்தவர் அவர். நான் கல்யாண வீடுகளில் மருதாணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, டிசைன் வரைய ஆள் வேண்டும் என்று வீடு தேடி வந்தார். வந்தவர் பாராட்டினாரா என்றால் இல்லை. நான் ஆசை ஆசையாக வரைந்துவைத்திருந்த மயிலை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "எம்மா, மருதாணிக்கு இது சரி. பத்து நாள்ல அழிஞ்சிரும். இதையே ஊசியில போட்டேன்னு வையி, நம்ம தோல்ல கொஞ்ச வருசத்துல கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து கரி அப்பின மாதிரி ஆயிரும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல தோலை விடு. தோலும் டிசைன்ல ஒரு கலர்தான்" என்றார். திரும்ப வரைந்தேன். இன்னும் விடு என்றார். அதற்கும் வரைந்தேன். இன்னும் விடு என்றார். காகிதத்தை அவர் மேலேயே விட்டெறிந்து, "நீங்களே வரைஞ்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் ரோஷத்தோடு வரைந்தார். கோழி மாதிரி வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். அப்படித்தான் கடையில் பங்காளிகளானோம். ஊசி பிடிக்கவும் பிறகு அவர்தான் ஏசி ஏசிக் கற்றுக்கொடுத்தார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் போனில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். எல்லாம் வெள்ளைக்காரன் கை. பால் மாதிரி தோலில் மஞ்சளும் இளநீலமும் தண்ணீரில் கரைந்த மாதிரி வழியும். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் பார்க்கிற ஒருவர் அப்படி ஒரு சிங்கத்தைக் கொண்டுவந்தார். பிடரி மயிர் முழுவதும் மஞ்சள். அண்ணாச்சி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "அந்த ஆளு தோலைக் கொண்டாரும் வே, அப்படியே போட்டுத் தாரேன்" என்றார். வந்தவர் முகம் செத்துப்போயிற்று. "அண்ணாச்சி, இப்படியா பேசுவாக?" என்று நான் அதட்டினேன். உடனே எதிர்க்கடையில் பால் இல்லாமல் ஒரு டீ வாங்கிவரச் செய்து, சாமி படத்தில் இருந்த மஞ்சள் செவ்வந்தியில் ஓர் இதழைப் பிய்த்து உள்ளே போட்டு அமுக்கினார். "மஞ்சளு எங்கன தெரியுது? மை தோலுக்கு அடியில கிடக்கு வே. உம்ம நிறம் அதுக்கு மேல நிக்கி. எதையும் அது வழியாத்தான் பாக்கணும். உம்ம நிறத்துக்கு ஒண்ணும் கேடு இல்ல. அதுல எது நிக்குமோ அதைப் போடணும், அம்புட்டுத்தான்" என்றார். கடைசியில் கறுப்பிலேயே பிடரியை நல்ல தடித்த கீற்றுகளாக நான் வரைய, இடையிடையே வந்தவர் நிறமே ஒளியாகத் தெரிய, அந்தச் சிங்கம் பஸ் ஸ்டாண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தெரிந்தது. அண்ணாச்சி நல்லபடியாகச் சொல்லியிருந்தால் வியாபாரி முதலிலேயே தலையாட்டியிருப்பார். டீக்கும் பூவுக்கும் அவசியமே இருந்திருக்காது.

எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்பு, கறுப்பு தவிர வேறு நிறமே நம் தோலில் நிற்காது என்று ஒரு காலத்தில் சாதித்தார். நல்ல அழுத்தமான ஆரஞ்சும் கரும்பச்சையும் நிற்கும் என்றேன் நான். சண்டை வலுத்தது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? மதினியைத்தான் பிடித்து உட்கார வைத்தார். மதினியின் இடது முன்கையில் வரிசையாக ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பொட்டு போட்டார். ஆறியதும் பார்த்தால் ஆரஞ்சு அழகாக உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு அந்தக் கைதான் எங்கள் கடையின் கலர் புத்தகம். நிறம் கேட்கிறவர்களை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். மதினி தோசைக்கு அரைத்துக்கொண்டிருப்பார், இவர் மாவுக் கையோடு நீட்டச் சொல்வார். "கல்யாண வீட்டுக்குப் போனா, கையில என்ன தேமலான்னு கேக்காளுவ கோமதி. இவுகளுக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு செவரா பொறந்திருக்கலாம்" என்று என்னிடம் புலம்புவார். அண்ணாச்சி காதில் வாங்கவே மாட்டார்.

அதைவிடப் பெரிய தொல்லை, அவர் ஆட்களைப் பார்க்கிற பார்வை. யார் வந்தாலும் என்ன டிசைன் என்று கேட்க மாட்டார். நேரே காது மடலைப் பார்ப்பார். அப்புறம் தோளில் தடுப்பூசித் தழும்பைக் காட்டச் சொல்வார். சில உடம்பில் தழும்பு மேடு கட்டி வளர்ந்துகொண்டே போகும். நம் நிறத்தில் அது கூடுதல். காது குத்திய இடத்திலோ ஊசி போட்ட இடத்திலோ அது காட்டிக்கொடுத்துவிடும். நியாயமான சோதனைதான். ஆனால் கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ராயகிரியிலிருந்து அண்ணனோடு வந்த ஒரு பெண்ணிடம், வந்ததும் வராததுமாக, "தாயி, தோளைக் காட்டு" என்றார். அண்ணன்காரன் நாற்காலியைத் தூக்கிவிட்டான். நான் நடுவில் பாய்ந்து, அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தால், தடுப்பூசித் தழும்பு பட்டாணி அளவுக்கு மேடிட்டு நிற்கிறது. வேண்டாம் என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் இறந்துபோன தன் அம்மாவின் பெயரைப் போட வந்தவள், நின்று அழுதாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போடவில்லை. கடைசியில் நான் அந்தப் பெயரை ஒரு வெள்ளித் தகட்டில் கொத்துவதற்கு வரைந்து கொடுத்தேன். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி.

சந்தேகமான உடம்பு என்றால் உள் கையில் ஒரே ஒரு புள்ளி வைத்து, மாதக்கணக்கில் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடுவார். ராஜபாளையம் ரோட்டில் கேட்டதை அன்றைக்கே போட்டுக் கொடுக்கிற கடை வந்துவிட்டது. எங்களிடம் புள்ளி வாங்கியவர்களில் பாதிப் பேர் அங்கே போய் முழுப் படமும் குத்திக்கொண்டார்கள். "அவன் அவன் தோலு, நமக்கென்ன?" என்பேன். "இருட்டுக் கலர்னா ஏனோதானோன்னு குத்துதானுவ எம்மா. தெரியலன்னு திரும்பத் திரும்ப ஊசியை இறக்குதானுவ. கறுத்த தோலு தடிச்ச தோலுன்னு எவனோ சொல்லியிருக்கான். எல்லாம் தோலுதான்" என்று அதற்கும் என்னிடம்தான் கோபப்படுவார்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் எங்கள் கடையில் போர்தான். நம் கோவில் புற்றுமண் உங்களுக்குத் தெரியும். தோலில் எது வந்தாலும் கோமதி அம்மனை வேண்டிக்கொண்டு அதைக் குழைத்துப் பூசுவது நம் வழக்கம். நானும் பூசியிருக்கிறேன், என் பெயரே அம்மன் பெயர்தான். ஆனால் அன்றைக்கே ஊசி குத்திய இடம் பச்சைப் புண். அதில் மண்ணைப் பூசலாமா? வெளியூர்ப் பையன்கள் டாட்டூவைப் போட்டுக்கொண்டு நேரே கோவிலுக்குப் போய்ப் பூசிக்கொள்வார்கள். அதனால் அண்ணாச்சி ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் கோவிலுக்குப் போய்விட்டு வரவேண்டும், அப்புறம்தான் ஊசி. நெற்றியில் திருநீறு இல்லாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். பக்தியைக் கண்டு ஊர் மெச்சியது.

வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஒருவர் அதையும் மீறினார். கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தார். டாட்டூ முடிந்ததும், பையில் வைத்திருந்த மண்ணை வீட்டுக்குப் போய்ப் பூசியிருக்கிறார். சில நாள் கழித்து வந்தார். கை பளபளவென்று வீங்கியிருந்தது. "செவக்கவே இல்லையே அண்ணாச்சி, அதான் சும்மா விட்டுட்டேன்" என்றார். அண்ணாச்சிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "நம்ம தோல்ல செவப்பு எங்கவே தெரியும்? கண்ணு பாக்காது, கைதான் பாக்கும். புறங்கையை வச்சுப் பாரும். சுத்தி உள்ள எடத்தைவிடச் சூடா இருக்கா? மினுமினுன்னு இருக்கா? அமுக்கினா குழி விழுதா? செவக்கணுமாம், செவக்கணும்! அது வெள்ளைக்காரனுக்கு எழுதி வச்ச அடையாளம் வே" என்று கத்தினார். கத்திக்கொண்டே தன் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்தக் கை பிழைத்துக்கொண்டது.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதரை நான் என்ன செய்வது?

போன ஆடியில் ஏதோ வேண்டுதல் என்று ஆடிச்சுற்று சுற்றினார். வெறுங்காலோடு, உச்சி வெயிலில், கோவிலைச் சுற்றிச் சுற்றி. அவருக்கும் மதினிக்கும் சர்க்கரை உண்டு. இருவருக்கும் ஒரே மாத்திரை டப்பா. காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வெயில் இறங்கியதும் சுற்றுங்களேன் என்று மதினி மன்றாடியிருக்கிறார். அம்மனுக்கு நேரம் பார்க்கிறதா என்றாராம். அம்மன் எந்தக் காலத்தில் கொதிக்கிற கல்லில் நடக்கச் சொன்னாள்?

அதற்கப்புறம் கடைக்கு ஷூவும் சாக்ஸுமாக வர ஆரம்பித்தார். ஆயுசுக்கும் ரப்பர் செருப்பு போட்ட ஆள். "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி?" என்றேன். "கஸ்டமர் மதிக்காண்டாமா?" என்றார். நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு நடுங்கியது. நெற்றியைத் தொட்டால் அனல். மதினிக்குப் போன் போட்டுவிட்டு, ஆளை நாற்காலியில் சாய்த்து ஷூவைக் கழற்றினேன். விடவில்லை. காலை இழுத்துக்கொண்டார். பலவந்தமாக சாக்ஸை உருவினேன். உள்ளங்காலில், கொப்புளம் உடைந்த இடத்தில் புற்றுமண். காய்ந்து வெடித்து, உள்ளே சீழோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் வரை மினுமினுப்பு. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை. கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நடுவில் ஒரு நாள் நன்றாகப் பேசினார். மதினி கேன்டீனுக்குப் போயிருந்தார். நான் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி பாக்கல? ஊருக்கெல்லாம் சொல்லுதியளே."

"செவக்கவே இல்லம்மா" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. வேறு யார் வாயிலிருந்து வந்திருந்தாலும் பரவாயில்லை.

"எங்கிட்டயாவது காட்டியிருக்கலாம்லா? தினமும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

"நீ ஏசுவியேன்னுதான்" என்றார்.

ஏசத்தான் செய்வேன். ஏசாமல் கொஞ்சுவேனா? அவரிடம் நானும் என்னிடம் அவரும் இத்தனை வருஷம் பேசிய பேச்செல்லாம் ஏச்சுத்தானே? சிங்கத்துக்கும் மயிலுக்கும் நாற்காலியைத் தூக்கியவனுக்கும் பயப்படாத ஆள், என் வாய்க்குப் பயந்து ஷூவுக்குள் காலை ஒளித்து வைத்தாராம். ஏச்சு வாங்குவதைவிடச் சாவது தேவலை என்று எந்த மனிதனாவது நினைப்பானா? அவரிடம் இதையெல்லாம் கேட்கவில்லை. அதற்குள் மதினி டீயோடு வந்துவிட்டார். அடுத்த முறை நான் போகும்போது அவருக்குச் சுயநினைவு இல்லை.

பிறகு போஸ்டர் வந்தது. டிசைன் போட்ட புண்ணியவான் அண்ணாச்சி முகத்தை இளஞ்சிவப்பாக்கி, உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தார். எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை, யாரோ வேட்பாளர் என்று நினைத்து நானே தாண்டிப் போயிருப்பேன். பிரஸ்ஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "கறுப்பா போட்டா வீட்டுக்காரங்க ஏசுவாங்கக்கா" என்றார்கள். மதினியோ, "விடுட்டி, அவுக இருந்தா அவுகளே கிழிச்சிருப்பாவ" என்றார். நான் கிழித்தேன். கடைச் சுவரில் இருந்ததை மட்டும். நான் போனில் எடுத்த ஒரு படத்தைக் கொடுத்து, அவர் நிறத்திலேயே ஒன்று அடித்து அங்கே ஒட்டினேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மதினி பந்திக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான், கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஓடினேன்.

"மதினி, உக்காருங்க. காலைக் காட்டுங்க."

"என்னட்டி இது, ஆளுக இருக்கையில? ஒண்ணுமில்ல. வலிக்கவே இல்ல."

"வலிக்கலன்னா அதான் பயமே. காட்டுங்க."

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை அமுக்கி உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டேன். பந்தியில் இருந்த ஒரு பெரியவர், "காரிய வீட்டுல இது என்னம்மா கூத்து?" என்றார். "நீங்களும் வாங்க, உங்க காலையும் பாத்துருதேன்" என்றேன். அவர் இலையில் குனிந்துகொண்டார். மதினியின் விரல் இடுக்குகளைப் பார்த்தேன். குதிகால் வெடிப்பைப் பார்த்தேன். உள்ளங்கால், பக்கவாட்டு, கணுக்கால் என்று புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தேன். அப்புறம் மற்றக் கால். எங்கேயும் சூடு இல்லை, வீக்கம் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தன இரண்டு கால்களும். ஓடி ஓடி அசந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. செய்தி வந்த அன்று வராத அழுகை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையே அண்ணாச்சி! இவ்வளவுதானே வேலை? பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடம் காலை நீட்டியிருந்தால் போதுமே. ஏசியிருப்பேன். ஏசிக்கொண்டே ஆட்டோ பிடித்திருப்பேன். நீங்களும் பதிலுக்குக் கத்திக்கொண்டே வந்திருப்பீர்கள்.

மெஷின் கடையில் இருக்கிறது, ஓடுகிறது. காது மடலைப் பார்க்கிற பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டது, பஸ்ஸில் போகும்போதுகூட ஆட்களை அப்படிப் பார்த்துவைத்து முறைப்பு வாங்குகிறேன். ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது மதினியின் கால்களைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் கோவிலுக்குப் போய்விட்டு மதினி கடைக்கு வந்து, அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறார். நான் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். பார்த்து முடிக்கும் வரைக்கும் அண்ணாச்சியை ஏசுகிறேன். மதினிக்குச் சங்கடம். "செத்தவுகளப் போட்டு இப்படி ஏசாதட்டி, அவுக காதுல விழப்போவுது" என்கிறார்.

"விழட்டும்னுதான் மதினி, சத்தமா ஏசுதேன்" என்கிறேன்.